குளத்துக்கு அப்பால்

"செகண்டுக்கு மாத்து. வண்டி திணறுது பாரு."

"தெரியும். நீங்க சும்மா வாங்க."

கொண்டை ஊசி வளைவில் அவள் கியரை மாற்றினாள். பக்கத்து இருக்கையில் கணவர், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். லிஃப்ட் மெக்கானிக். லீவு கிடைத்தால் போதும், யாரும் எட்டிப் பார்க்காத மலைக்கோட்டைகளைத் தேடிக் காரில் கிளம்பிவிடுவார். அவளும் கூட வருவாள். ஏற மட்டும் மாட்டாள். "இடிஞ்ச சுவத்த பாக்க எதுக்கு முட்டி தேயணும்?" என்று காரிலேயே தூங்கிவிடுவாள்.

இப்போது அவர் இதயம் பலவீனமாகிவிட்டது, வீட்டை விட்டு நகரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் சாப்பிடாமல் அடம்பிடித்து அவளைக் கிளப்பிவிட்டார்.

கோட்டையின் அடிவாரத்தில் பாதை முடிந்தது. ஒரு காலை வெளியே வைத்ததுமே அவருக்கு மூச்சு வாங்கியது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா."

"உங்கள தனியா விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்? மேல ஒரு குளமாம். தண்ணி இருக்கான்னு பாரு."

நாலடிக்கு ஒருமுறை காரைத் திரும்பிப் பார்த்தபடியே ஏறினாள். செருப்பு வழுக்கியது. பாதி சரிந்த வாசலுக்கு உள்ளே, பாறையில் வெட்டிய குளம் ததும்பி நின்றது. மதிலோரம் ஓடி வந்தாள்.

"தண்ணி இருக்குங்க! நெறைய!"

கார் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, இன்னும் உள்ளே போ என்று விரட்டியது.

உடனே இறங்கத்தான் நினைத்தாள். ஆனால் குளத்துக்குப் பின்னால் படிகள் ஏறின. உச்சியில் மலையின் மறுபக்கம் மொத்தமாகத் திறந்தது. மேகநிழல்கள் வயல்களின் மேல் நகர்ந்துகொண்டிருந்தன. இதைத்தானா இந்த மனுஷன் இத்தனை வருஷமாக... காற்று முகத்தில் அடிக்க அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் இறங்கி வந்தபோதும் கை ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது.

"ஏங்க."

தோளை உலுக்கினாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். போனில் சிக்னல் இல்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.

பாதி வழியில், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய இடத்தில், ஒரு கார் எதிரே ஏறி வந்து நின்றது. ஓட்டியவன் தலையை நீட்டினான்.

"மேல பாக்கறதுக்கு ஏதாவது இருக்காக்கா?"

"இருக்கு. குளத்தோட திரும்பிடாதீங்க. பின்னால படி இருக்கும், ஏறிப் போங்க."

"சார் நல்ல தூக்கம் போல. இருங்க, நான் பின்னால எடுக்கறேன்."

"வேணாம். நானே எடுக்கறேன்."

ரிவர்ஸ் போட்டாள். ஒரு கையை அவர் இருக்கையின் முதுகில் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, பாதை அகலமாகும் இடம்வரை மெதுவாக மலையேறினாள்.