இருபத்திரண்டாவது ஆடு

"பினாங்கில் சிறுமியருக்குக் கோடை முகாம் நடத்த குணவதி அம்மாளை அனுப்புகிறோம்" என்று எங்கள் மிஷன் சங்கத்தார் என் கையில் கடிதம் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு என்ன தெரியும்? இந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் கோடைதான். நான் கப்பலில் வந்து இறங்கியது 1934 டிசம்பர், பள்ளிக்கூட விடுமுறையில்.

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் ஒரு பழைய பங்களா, பத்து நாள், இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். சமையலுக்கு சூலியா தெரு ஆசியா பீவி. முதல் நாள் காலையில் டவுன் வேதக்கோயில் வாசலில் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மத்தியானம் பந்தியில் உட்கார வைத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன். கணக்காகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று கொஞ்சம் கர்வம்கூட.

அன்று சாயங்காலம் தொலைந்துபோன ஆட்டின் கதையைச் சொன்னேன். நூறு ஆட்டில் ஒன்றைக் காணோம். மேய்ப்பன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிறான், கிடைத்ததும் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான். கதை சொல்வதில் நான் கெட்டிக்காரி. பீவிகூட வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் போதாத காலம், மறுநாள் நவமணி என்கிற வாலு காணாமல் போனாள். முந்திரி மரத்தில் குந்தியிருந்தவளைக் கண்டுபிடித்து, கதைக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று தோளில் தூக்கிவந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கு மறுநாள் மூன்று ஆடுகளைக் காணோம். அடுத்த நாள் ஏழு! ஒருத்தி அரிசி மூட்டைக்குப் பின்னால், ஒருத்தி வாழைப் புதருக்குள், ஒருத்தி என் கட்டிலுக்கு அடியிலேயே. கர்த்தருடைய கதையை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை. ஏழு பேரையும் தோளில் ஏற்றி இறக்கியதில் என் இடுப்பு கழன்றுவிட்டது.

"என்னா மிஸ்ஸி, சாமி கதை சொல்ல வந்தீங்களா, மூட்ட தூக்க வந்தீங்களா?" என் இடுப்பில் ஜாதிக்காய்த் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே பீவி சிரித்தாள். "ஆடு வீட்டோட இருந்திச்சின்னு கதைய மாத்திச் சொல்லுங்க லா." பேச்சுக்கு வாலாக ஒரு 'லா' போடாவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஆகாது.

"அதுல என்னக்கா கதை இருக்கு?" என்று வலியில் கத்தினேன்.

கடைசியில் சட்டம் போட்டேன். இனிமேல் ஒளிகிறவளுக்குக் கடைசி நாள் பாயசம் கிடையாது. ஆட்டம் அன்றோடு நின்றது.

இந்தக் கூத்தில் சேராதவள் லெட்சுமி ஒருத்திதான். எட்டு வயது. தாய் இல்லை, பெரியம்மாவின் ஆறு பிள்ளைகளோடு ஏழாவதாக வளர்கிறவள். எப்போது பார்த்தாலும் என் கண்ணில் படுகிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கடைசி நாள் காலையில் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "பாருங்கட்டி, என்னை ஒரு தடவைகூட அலைய விடாத பிள்ளை" என்று புகழ்ந்தேன். அவள் உதடு பிதுங்கியது.

தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். "ஏட்டி, உனக்கு ஒளியணும்னு ஆசையே இல்லையா?"

"ஆசதான் மிஸ்ஸி."

"அப்புறம் என்ன?"

"நான் ஒளிஞ்சா தேடுவீங்களான்னு தெரியல."

"என்ன பேச்சு இது? தேடாம விட்டுருவேனா?"

"மொத நாள் தேடலையே." கோபமே இல்லாமல் சொன்னாள். "நான் கோயில் பைப்புல தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள லாரி போயிருச்சி. ரொம்ப தூரம் நடந்தேன். அப்புறம் புல்லு வண்டிக்காரரு ஏத்திக்கிட்டாரு. நீங்க பந்திக்கு எல போட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் கடைசியில உக்காந்துட்டேன்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. டவுனிலிருந்து ஐந்து மைல்! அந்தப் பிள்ளை ரோட்டில் நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் நான் இங்கே பாய் விரித்துக்கொண்டும் பாட்டுப் பாடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். அவளாக வந்து உட்கார்ந்த பிறகு எண்ணிப் பார்த்து ஸ்தோத்திரம் வேறு! நான்தான் மேய்ப்பன் கதை சொல்ல வந்தவளாம்.

"தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோ" என்றேன். தலையை ஆட்டினாள். ஆனால் அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"போ, இப்ப ஒளிஞ்சுக்கோ."

"பாயசம்?"

"ரெண்டு கிண்ணம் தாரேன். ஓடு!"

அதற்குள் லாரி வந்துவிட்டது. டிரைவர் நல்லமுத்து ஹாரனை அழுத்தினார். "மிஸ்ஸி, போவோம் லா, நேரமாச்சி!"

"ஒரு பிள்ளையைக் காணோம். அவ கிடைக்காம லாரி நகராது" என்றேன்.

உண்மையைச் சொன்னால், திரும்பிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டேன். மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த சம்பான் படகுக்கு அடியில் பச்சைப் பாவாடை நுனி. பார்க்காதவள் போலத் தாண்டிப் போனேன். முந்திரி மரத்தை உலுக்கினேன். கிணற்றடியில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மற்ற பிள்ளைகள் நாலா பக்கமும் ஓடினார்கள். பீவி பாயசக் கரண்டியோடு வந்துவிட்டாள். நல்லமுத்து தன் லாரிக்கு அடியிலேயே படுத்துப் பார்த்தார். "லெட்சுமீ! லெட்சுமீ!" என்று கடற்கரை முழுக்க ஒரே கூப்பாடு. அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முதல் நாள் ரோடு நினைவில் வந்தது, நிஜமாகவே அழுதுகொண்டு தேடினேன்.

மூன்றாவது தடவை படகைக் கடந்தபோது பாவாடை நுனி சிரிப்பில் குலுங்கியது. குனிந்து இழுத்தேன். தலையெல்லாம் மணலோடு வந்தவளைத் தோளில் ஏற்றினேன். இடுப்பு போனால் போகட்டும், பீவியிடம் தைலம் இருக்கிறது.

லாரியில் ஏறியவர்களை இந்தத் தடவை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். இருபத்தொன்றேதான்.

"ஐயோ, இன்னும் ஒருத்தி எங்கட்டி?"

லாரியே சிரித்தது. மேலிருந்து இரண்டு சின்னக் கைகள் என் காதுகளைப் பிடித்துக்கொண்டன.

"நல்லா தேடுங்க மிஸ்ஸி!"