ரோஸி பேரில் ஒரு கம்பெனி

பட்டினப்பாக்கத்து ரோஸிக்கு இறால் ஊறுகாய் போட்டு விற்க ஆசை. குறுந்தொழிலாகப் பதிந்துவிட்டு வந்தால் கடன் பார்க்கலாம் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். மந்தைவெளி கம்ப்யூட்டர் சென்டரில் நாஸியா அவள் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு தொழில் பதிவாகி கீது. இரும்பு ரேக் தயாரிப்பு. குறுந்தொழில், பெண் உரிமையாளர்னு போட்டு கீது. ஒரு ஆதாருக்கு ஒண்ணுதான்கா."

ரோஸிக்குச் சிரிப்புத்தான் வந்தது. விலாசத்தைப் படிக்கச் சொன்னாள். தி.நகரில் அவள் வருஷக்கணக்காகப் பெருக்கித் துடைத்து டீ கொடுக்கிற அதே ஆபீஸ். பி.எஃப். கணக்குக்கு என்று முதலாளி செந்தில்குமார் ஆதாரை வாங்கியதும், போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை இவளே படித்துச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"இது எங்க மொதலாளி வேலை. இத்த வெச்சி அவருக்கு இன்னா லாபம்?"

"அவர் கம்பெனி வளந்து நடுத்தரத் தொழில் ஆயிருக்கும். குறு, சிறு தொழிலுக்குன்னு ஒதுக்குற டெண்டர் அவருக்கு வராது. பொம்பள பேர்ல சின்னதா ஒண்ணு காட்டினா வரும்."

ரோஸி நேரே தி.நகருக்குப் பஸ் ஏறினாள். முதலாளி அறையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

"ரேக் கம்பெனிக்கு ஓனர் யாரு சார்?"

செந்தில்குமார் மற்றவர்களை வெளியே அனுப்பினார். "அது சும்மா பேப்பர்லதாம்மா. உனக்கு என்ன நஷ்டம்? கிறிஸ்துமஸ் போனஸ் சேத்துக் குடுக்கறேன்."

"என் பேர்ல நீ டெண்டர் எடுப்ப, என் தொழிலை நான் பதிய முடியாது. நாளைக்கு வரி கட்டுன்னு வந்து நின்னா யார் பதில் சொல்றது? நீயா?"

அவரை அவள் 'நீ' என்றது அதுவே முதல் முறை. அவர் முகம் சுண்டியது.

"வேலை வேணுமா, வேணாமா?"

"உன் வேலைய நீயே வெச்சிக்கோ."

அன்றே போலீசிலும் தொழில் துறை அலுவலகத்திலும் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரணைக்குப் பின் அந்தப் பதிவு ரத்தானது, டெண்டரும் போயிற்று. ஊறுகாய்த் தொழில் அவள் பேரில் பதிவானது. ஆனால் செந்தில்குமார் மேல் போலீஸ் வழக்குப் போட்டதோடு சரி, அவரை யாரும் பிடித்து உள்ளே போடவில்லை.

ஒருநாள் அவருடைய மேனேஜர் சமாதானம் பேச வீட்டு வாசலுக்கே வந்தார். "கேஸை வாபஸ் வாங்கிடும்மா. உனக்குத்தான் தொழில் அமைஞ்சிடுச்சே."

இறால் கழுவிக்கொண்டிருந்த ரோஸி எழுந்து, கழுவின தண்ணீரை அப்படியே அவர் ஷூவின் மேல் கொட்டினாள்.

"போய் உன் மொதலாளி கைல சொல்லு. வாபஸ் கெடையாது."

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரோஸிதான் முதல் ஆளாகப் போய் நிற்கிறாள்.