சின்ன ஜெபம்

தத்துப்பிள்ளை கொடுக்க லாயக்கான வீடுதானா என்று பார்க்க அதிகாரியம்மா வரும் நாள் அது. கொளுத்தும் கோடையில் தையல்காரி வீட்டைத் துடைத்துத் துடைத்தே ஓய்ந்திருந்தாள். கூப்பிடாமலே வந்த பாஸ்டர், "ஒரு சின்ன ஜெபம் சிஸ்டர்" என்று எழுந்து நின்றார். அவருடைய சின்ன ஜெபம் ஆதாமில்தான் தொடங்கும்.

நோவாவின் பேழைக்குள் அவர் யானையை ஏற்றிக்கொண்டிருந்தபோது தையல்காரி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். வாசலில் அதிகாரியம்மா வியர்த்து வழிய நின்றிருந்தார். புருஷனோ பக்தி முற்றி, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"வரப்போகிற அதிகாரியின் கல்லான இருதயத்தை உடைத்துப்போடும், தகப்பனே!" என்று முழங்கினார் பாஸ்டர், மூடிய கண்ணைத் திறக்காமலே.

ஜெபத்தை நிறுத்த தையல்காரிக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். "ஆமென்" என்றாள் சத்தமாக. புருஷனும் திடுக்கிட்டு விழித்து, "ஆமென்" என்று வழிமொழிந்தான்.

அதிகாரியம்மா உள்ளே வந்தார். "குழந்தை வந்தப்புறமும் இந்த பாஸ்டர் இப்படி வருவாரா?"

"வருவார் மேடம். ஆனா குழந்தை அழுதா நிறுத்தித்தானே ஆகணும்" என்றாள் தையல்காரி, வெறுத்துப்போய்.

"அப்போ இந்த வீட்டுக்கு ஒரு குழந்தை அவசியம்தான்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் அதிகாரியம்மா.