மப்ளர் கட்டிய படம்

செண்பகனூரில் வெளிச்சத்துக்குக் கணக்குப் போடுகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர் மனுவேல்தான். எண்பத்திரண்டில் நாங்கள் ஸ்கிரீன் அச்சுக் கடை வைத்திருந்தோம். சட்டத்தில் கட்டிய துணியில் ஜெலட்டின் பசையும் மருந்தும் தடவி, மேலே பட பிலிமை வைத்து வெளியே காட்டுவோம். வெளிச்சம் பட்ட பசை இறுகிவிடும். கறுப்புக் கோட்டுக்கு அடியில் உள்ளது தண்ணீரில் கரைந்துபோகும். அந்த வழியாக மை இறங்கும். வெயிலுக்கு இவ்வளவு நேரம், மூடுபனிக்கு மூன்று மடங்கு என்பது அவர் கணக்கு. பனி என்ன இவர் மாமன் மகனா, சொன்னபடி கேட்க?

கித்தேரியம்மாளின் தலைப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். கேரளா எஸ்டேட்டில் வேலை பார்க்கும் புருஷனும் வருகிறானாம். அழைப்பில் அவன் முகம் வேண்டும் என்று படம் கொடுத்திருந்தாள்.

"இவரு மப்ளரே கட்ட மாட்டாருக்கா. அங்க குளிரு அதிகம் போல," என்று சிரித்தாள்.

"படம் எதுக்கு மதினி? எழுத்து போதும்," என்றான் அவளுடைய கொழுந்தன் சூசைமாணிக்கம். அவள் கேட்கவில்லை.

அச்சடிக்கும் நாளன்று ஒரே பனி. இவர் கணக்குப்படி காட்டினார். பனியில் வெளிச்சம் நாலாபக்கமிருந்தும் வரும் என்பது கணக்கில் இல்லை. மெல்லிய கோடுகளுக்கு அடியிலும் அது புகுந்து பசையை இறுக்கிவிட்டது. கித்தேரியம்மாள் பிள்ளையோடும் கொழுந்தனோடும் வந்து காத்திருந்தபோது முதல் தாளை எடுத்தேன். எழுத்து பிழைத்தது. முகத்தில் கருவிழியும் மேல் இமையும் காணோம். கீழே இருந்த தடித்த கோடு மட்டும் நின்றது. கண் மூடியிருந்தது.

"கணக்குல இடி விழ!" என்று கத்தினேன்.

அவர் மூலப்படத்தை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார். "ஏ ஜோசப்பின், இந்தக் கண்ணு மையில வரைஞ்சது!"

கித்தேரியம்மாள் தாளை வாங்கினாள். அவள் விரல் தாடைக்கு அடியில் தொடங்கி, மப்ளர் போன வழியே ஏறி, உச்சந்தலை முடிச்சில் நின்றது. உச்சந்தலையில் யார் மப்ளருக்கு முடிச்சுப் போடுவார்கள்? செத்தவர்களுக்குத்தான் வாய் திறக்காமலிருக்க அப்படித் தாடையைச் சேர்த்துக் கட்டுவார்கள்.

சூசைமாணிக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணன் போன லாரி கவுந்துருச்சு மதினி. நீங்க மாசமா இருந்தீங்க. ஞானஸ்நானம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தோம். படம் படம்னு கேட்டீங்க, அடக்கத்தப்ப எடுத்த இது ஒண்ணுதான் இருந்துச்சு. கண்ண மட்டும் மையில தொறந்து வச்சோம்."

அவள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழம வாராருன்னியே தம்பி," என்றாள். "நான் அவருக்குச் சட்டை தைக்கக் குடுத்திருக்கேனே."