சொன்னவர்: ஆஸியா

என் மகள் ஜோயாவின் கல்யாணத்துக்காக நான் ஒரு வம்சப் படம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு குடும்பமும் வேர் முதல் கொப்பு வரை. வேலையற்ற வேலை என்று என் வீட்டுக்காரர் சலாவுதீன் சொல்வார். சொல்லட்டும். நாங்கள் குடியிருக்கும் சீத்தா கேம்ப்பில் அவனவன் தன் பாட்டனார் கப்பல் விட்டார் என்று அளக்கிறான். என் படத்தில் அந்த அளப்பு நடக்காது. மேலப்பாளையத்தில் மதரஸா ஓதிய காலத்தில், நபிமொழிகளைப் படிக்கும் ஹதீஸ் பாடத்தில் உஸ்தாது எங்கள் மண்டையில் ஏற்றியது இது: என்ன சொன்னார் என்று பார்க்கும் முன் யார் சொன்னார் என்று பார். கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா? சொல்வதில் அவருக்கு லாபம் உண்டா? அதனால் ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'சொன்னவர் இன்னார், கண்டது' அல்லது 'கேட்டது' என்று பொடி எழுத்தில் எழுதுவேன். ஆதாரம் இல்லாத பெயர் ஏறாது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோவண்டிக்குப் போனேன். ஆஸியா லாத்தா சலாவுதீன் வகையில் எனக்கு அக்கா முறை. முன்பு எங்கள் லைனில் குடியிருந்தவள். கார்டும் கொடுக்கலாம், நாலு பெயரும் கேட்கலாம் என்று நினைத்தேன். பெயர்களைத் தட்டாமல் சொன்னாள். டீ போட்டுக்கொண்டே ரெண்டாயிரத்து அஞ்சு வெள்ளத்துக்குப் போய்விட்டாள்.

"நீ கம்பெனியில மாட்டிக்கிட்டே, நெனவிருக்கா? ஒன் மாமியா ஜோயாவத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூட மாடிக்கு வந்துட்டா. என் அடுப்பு, அரிசி, சீனி டப்பா எல்லாம் தண்ணியில போச்சு. மாடியில ஒருத்தர்ட்டயும் ஒரு வாய்க்கு இல்ல. எங்கிட்ட மிச்சம் இருந்தது இதான்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். அப்போது அவளுக்கும் கைப்பிள்ளை. "ஒன் மவளுக்கு ஒரு பக்கம், ஷாகிரு மவன் தௌசீபுக்கு ஒரு பக்கம். விடிய விடிய குடிச்சிச்சுவ."

கார்டு என் பைக்குள் இருந்தது. மாப்பிள்ளை பெயர் தௌசீப். ஷாகிரின் மகன்.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்த கணக்கு. அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. எங்கள் மத்ஹப் சட்டப்படி ஒரே ஒரு தடவை குடித்திருந்தாலும் போதும். டீயைக் குடிக்காமல், கார்டையும் கொடுக்காமல் எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து ஆஸியாவிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிடப் பார்த்தேன். அவள் புளுகியா? இல்லை. மறதிக்காரியா? நாலு தலைமுறைப் பெயரை இப்போதுதான் ஒப்பித்தாள். லாபம் உண்டா? மாப்பிள்ளை யார் என்றே அவளுக்குத் தெரியாது. வெள்ளத்துக்கு மறுநாள் நான் வீடு வந்து சேர்ந்தபோது, இப்போது உயிரோடு இல்லாத என் மாமியார் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. "பிள்ளை அழவே இல்ல" என்றார். நாலு மாசத்துப் பிள்ளை, தாய் இல்லாத ராத்திரி, அழவில்லையாம். இத்தனை வருஷம் அதை அல்லாஹ்வின் கிருபை என்றே நினைத்திருந்தேன்.

சலாவுதீனிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. தௌசீபைப் பெற்றவர்களும் அன்று குர்லாவில் சிக்கியவர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, இது உன்னோடும் அந்தப் பொம்பளையோடும் போகட்டும் என்றார். பயத்தில் எனக்கும் அது சரி என்றே ஒரு நிமிஷம் பட்டது. திரும்பினால் வாசலில் ஜோயா நின்றாள். இரண்டு வருஷமாக அந்தப் பையனைத் தவிர வேறு பேச்சே இல்லாதவள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

"உம்மா, போதும். இத யாருட்டயும் பேசாத" என்றாள்.

அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகு இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். பொறுக்க முடியாமல் போய் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய், ஆஸியாவையே கூப்பிட்டுக் கேட்போம் என்றார். அன்று பார்லருக்கு என்று கிளம்பிப்போன ஜோயா இருட்டும் நேரத்தில் கண் வீங்கித் திரும்பினாள். மேக்கப் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கூடினோம். ஹஜ்ரத், ஷாகிரும் அவர் மனைவியும், தலை நிமிராத தௌசீப். ஜோயா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸியா லாத்தா வந்தாள், யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"நான் பால் குடுக்கல ஹஜ்ரத். சீனித் தண்ணியத் துணியில நனைச்சு வாயில வச்சேன். அவ்வளவுதான். ஏதோ பெருமைக்கு ஒளறிட்டேன்."

ஹஜ்ரத் நிம்மதியாகத் தாடியைத் தடவினார். ஷாகிர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். சலாவுதீன் வெளிப்படையாகவே அழுதார். நான் இத்தனை நாளாகத் தொழுகையில் கேட்ட துஆ அப்படியே பலித்திருந்தது. ஜோயா என் விரல்களை இறுக்கினாள். அந்த இறுக்கத்தில்தான் அவள் எந்தப் பார்லருக்குப் போனாள் என்று எனக்குப் புரிந்தது.

லாபம் எதுவும் இல்லாதபோது சொன்ன சொல் ஒன்று. ஒரு பெண் காலைப் பிடித்துக் கெஞ்சிய பிறகு சொன்ன சொல் ஒன்று. இரண்டுக்கும் சொன்னவர் ஆஸியா.

"வேற யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் ஹஜ்ரத்.

வாயை மூடிக்கொள்ளடி பரீஹா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெற்ற மகளுக்கு இதைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டேன்.

"லாத்தா" என்றேன். "அன்னிக்கு ஒங்க சீனி டப்பா தண்ணியோட போயிட்டே. மாடியிலயும் யாருட்டயும் ஒண்ணும் இல்லன்னிய. சீனி யாரு குடுத்தா?"

ஆஸியா ஜோயாவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

ஜோயா என் கையை விட்டுவிட்டாள்.