நான்கு வருடம் துவைக்காத கோட்டு

மூன்றாம் நாளும் என் குப்பியில்தான் படிக ஊசி விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் குப்பியில் பழுப்புச் சேறு. அதே தண்ணீர், அதே தராசு. இருவரும் போட்ட உப்புகூட அவள் தன் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததுதான். "கைராசின்னா இதுதான்யா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை.

இந்த ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். குப்பி கழுவ வந்தவள், பதினாறு வருடத்தில் கரைசல் கலக்கவும் கற்றுக்கொண்டேன். எங்கள் வேலை இதுதான். மாவுச்சத்திலிருந்து எடுக்கிற சர்க்கரை ஒன்று இருக்கிறது. ஆறு சர்க்கரைகள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கும். உலோக உப்பை வெறுமனே விட்டால் மனம்போன போக்கில் சேறாகப் படியும். வளையங்களைக் கலந்தால், வளையல் கடைக் கம்பியில் அடுக்கியதுபோல அவை ஒன்றன்மேல் ஒன்று நிற்க, உலோகம் இடையிடையே போய் உட்கார்ந்து மஞ்சள் ஊசிகளாக வளரும். "சர்க்கரை போட்டா உலோகமே சொன்ன பேச்சு கேக்குது. நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். இதைப் பற்றி வந்த கட்டுரையில் மேடம், அதாவது எங்கள் பேராசிரியர், என் பெயரையும் போட்டார். வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அதில் ஒரு வரி அவருக்குப் புரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் என் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் விரல்பட்டு மங்கியிருக்கிறது.

இப்போது நான்கு ஊர் ஆய்வுக்கூடங்களிலிருந்து கடிதம். வளையம் போட்டாலும் எங்களுக்குச் சேறுதான் வருகிறது, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று. நேரில் பார்க்க வந்தவள்தான் இந்தப் பெண். மூன்று நாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கோட்டக் கழட்டி வெச்சிட்டு ஒரு தடவ செய்வீங்களா?"

சுருக்கென்றது. அது ராசிக் கோட்டு. பதினோரு நாள் சேறாகவே வந்து, பன்னிரண்டாம் நாள் முதன்முதலாக ஊசி விழுந்தபோது போட்டிருந்தது. அன்றிலிருந்து துவைத்ததில்லை. கழட்டி வைத்தால் தானாகவே நிற்கும் என்று இங்கே படிக்கிற பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் துவைக்கச் சொல்ல மேடத்துக்கே துணிச்சல் வந்ததில்லை.

"ஏம்மா, உள்ள எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கேங்கறியா?"

"ஐயோ, இல்லக்கா. பழைய ஊசியோட தூசு ஒரு துளி விழுந்தாலே போதும். மத்ததெல்லாம் அதப் பாத்து வளர்ந்துடும்."

கழிப்பறைக்குப் போனேன். விளக்குக்கு நேராகக் கைமடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். தையலுக்குள் மஞ்சளாக மினுக்கியது. தினமும் பாலுக்கு உறை ஊற்றுகிறவள் நான். இது எனக்குத் தோன்றவில்லையே! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நாளைக்கு அவள் வண்டியேறிவிடுவாள். கழட்ட மாட்டேன் என்றால் யார் என் கையைப் பிடிக்கப் போகிறார்கள்? ஆனால் சட்டத்துக்குள் இருக்கிற அந்தப் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, வளையம் ஒன்றே போதும் என்று எழுதியிருக்கிறது. மேடம் எனக்குப் படித்து விளக்கியிருக்கிறார். போதாது என்பது இப்போது எனக்குத் தெரியும்.

பொட்டலம் பிரிக்காத புதுக் கோட்டை எடுத்துக்கொண்டேன். கீழ்த்தளத்து அறை, புதுக் குப்பி, நன்றாகத் தேய்த்துக் கழுவிய கை. கலக்கிவிட்டுக் காத்திருந்தேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக என் கையில் சேறு.

விஷயம் கேட்டு இறங்கி வந்த மேடம் குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். "கட்டுரை இனிமே நிக்காது. புரியுதில்ல?"

"புரியுது மேடம்."

மேலே வந்து பழைய கோட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "இந்தா, போட்டுக்க."

அவள் குச்சி உடம்புக்கு அது தொளதொளவென்று தொங்கியது. கோட்டின் கைகள் விரல் நுனிவரை மூடின. மடிக்கப் போனாள். "மடிக்காத. அப்படியே கலக்கு" என்றேன். கோட்டுப் பையில் என் பெயரை நானே நூலால் தைத்திருந்தேன். அது அவள் மார்பில் ஏறி இறங்கியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"உன்னப் பாக்க வந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் கூடத்துல நிக்கறாங்க. உன் பேரத்தான் காட்டிட்டிருக்கேன். இன்னிக்கு விழுந்துச்சா?"

அவர் விரல் இப்போது கண்ணாடியின் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அக்கா!" என்று கூவினாள் அந்தப் பெண். குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். அடியிலிருந்து ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாதபடி, மஞ்சள் ஊசிகள்.

"விழுந்துச்சுங்க" என்றேன்.