மூன்று தட்டு

விரித்த கத்தியின் முதுகை லாசர் இரும்படிக்கும் அடைகல்லின் விளிம்பில் மூன்று தரம் ஓங்கித் தட்டினான். மூன்று தடவையும் பொறி பறந்தது. கத்தி மடங்கவில்லை. கையைத் திருப்பி விரல்களைப் பார்த்துக்கொண்டான். நான்கும் பிடியைச் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

"இன்னொருக்கா தட்டு" என்றார் சுவாமிநாதன்.

மறுபடியும் தட்டினான். செவ்வாய்ப்பேட்டையில் அவர் நடத்திய அந்தப் பட்டறையில் அரிவாளும் பாக்குவெட்டியும் செய்கிறவர்கள் பதினோரு பேர். அவர்களில் அரம் பிடிக்கும் கை லாசருடையதுதான். அதனால்தான் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரன் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்ற சாமான்களில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்ததும், சுவாமிநாதன் அதை நேராக லாசரிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதேபோல் ஒன்று செய்தால் சந்தைக்குச் சந்தை ஓடும் என்பது அவர் கணக்கு.

அதன்பிறகு இரண்டு மாதம் முதலாளியும் தொழிலாளியும் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். தரையில் சாக்கட்டியால் வரைந்தார்கள், அழித்தார்கள், சண்டை போட்டார்கள். இடுப்பில் செருக பிடி ஒல்லியாக வேண்டும் என்றார் சுவாமிநாதன். உழைக்கிறவன் கைக்குத் தடிமன் வேண்டும் என்றான் லாசர். கடைசியில் பிடிக்கு எருமைக் கொம்பு, அலகுக்குப் பழைய லாரியின் வில்பட்டை என்று முடிவாயிற்று. பூட்டு மட்டும் லாசர் தானாக வைத்தது. பிடியின் முதுகில் ஓடும் எஃகுக் கம்பியின் முனையில் ஒரு பல். கத்தியை விரித்ததும் அது அலகின் அடியில் வெட்டிய காடிப் பள்ளத்தில் போய் விழுந்துவிடும். பிடியின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் பல் எழும்பி மடக்க விடும். வெள்ளைக்காரன் கத்தியில் அது இல்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் சுவாமிநாதன். "ஆனா ஒரு பல்லை ராவறதுக்கே உனக்கு அரை நாள் ஆகுது. நான் எப்ப கத்தி விக்கறது? பல்லை எடுத்துரு. வெறுங் கம்பி போதும்."

லாசர் பின்பக்கம் போய் முருங்கைக்காய் ஒன்றைப் பறித்து வந்தான். விரல் நீளத்துக்கு நாலு துண்டு நறுக்கி, பூட்டில்லாத அந்த வெள்ளைக்காரன் கத்தியின் பிடியில் வரிசையாக வைத்துச் சணலால் கட்டினான். பிடியின் கோடியைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, கத்தி முதுகை அடைகல்லில் ஒரே தட்டு. அலகு சட்டென்று மடிந்தது. முருங்கைக்காய்த் துண்டுகள் பாதிப் பாதியாகத் தரையில் உருண்டன.

"இதுக்குத்தானுங்க மொதலாளி பூட்டு."

சுவாமிநாதன் ஒரு துண்டைக் காலால் தள்ளினார். "எவண்டா கத்தி முதுகால தட்டப் போறான்? பைத்தியக்காரனா? வெட்டறதுக்குத்தானே கத்தி? பல்லை எடுக்க முடியலேன்னா சொல்லிரு, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

லாசரின் மனைவி மரியபுஷ்பத்துக்கு அப்போது ஆறாவது மாதம். வேறு ஆள் என்ற சொல்லைக் கேட்டதும் லாசர் கத்தியைக் கீழே வைத்தான். "விக்கறப்பவாவது சொல்லிப்போடுங்க மொதலாளி, முதுகால தட்டக்கூடாதுன்னு" என்றான்.

"சொல்றேன், சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. சரக்கின் குறையைச் சொல்லி விற்கிற வியாபாரியை எந்தச் சந்தையிலும் பார்க்க முடியாது. லாசர் தன் கையாலேயே எல்லாக் கம்பியிலிருந்தும் பல்லை அரத்தால் ராவி எடுத்தான். பூட்டு வைத்த முதல் கத்தியை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனான். மரியபுஷ்பம் அதில் காய் நறுக்கினாள்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் கத்தி முதுகால் தட்டாமல் யாரும் வெல்லம் உடைத்ததில்லை. அரிவாளானாலும் அரிவாள்மணையானாலும் முதுகைத் திருப்பி ஒரு தட்டு, வெல்லம் இரண்டாகும். அங்கே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் காத்தான், சந்தையில் புதுசாக வாங்கிய மடக்குக் கத்தியால் காலைக் காப்பிக்கு ஒரு வெல்லக்கட்டியை அப்படித்தான் தட்டினான். வெல்லம் உடையவில்லை. கத்தி மடங்கி அவன் வலது கை விரல்களில் எலும்புவரை இறங்கியது. மஞ்சளை அப்பிக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனான். மூன்றாம் நாள் கை உரல்போல் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்த பிறகுதான் உயிர் தங்கியது. வெற்றிலை கிள்ளுவது விரல் வேலை. கொடிக்கால்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

கத்தி சுற்றி வந்த மஞ்சள் தாளில் பட்டறையின் விலாசம் இருந்தது. அச்சில் தன் பேரைப் பார்க்க வேண்டும் என்பது சுவாமிநாதனின் வெகுநாள் ஆசை.

காத்தானும் அவன் அண்ணன் தங்கமுத்துவும் வந்தபோது உச்சிவேளை. மற்றவர்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். லாசர் மட்டும் வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் ஒரு கத்தியை மாட்டி ராவிக்கொண்டிருந்தான். சுவாமிநாதன் மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்தக் கத்தி இங்க செஞ்சதுங்களா?" காத்தான் மரியாதையாகத்தான் கேட்டான். இடது கையில் கத்தி இருந்தது. வலது கையைத் துண்டு மூடியிருந்தது.

"ஆமா. மொத்தமா வேணுமா?"

காத்தான் துண்டை விலக்கினான். "வெல்லந் தட்டுனனுங்க" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச வரவில்லை.

தங்கமுத்து கரும்பு வெட்டுகிறவன். மேசையை ஒரே உதையில் கவிழ்த்து, சுவாமிநாதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு வைத்து மோதினான். அவர் மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் இறங்கியது.

"என்ற தம்பி கை போச்சுடா! பொண்டாட்டி பிள்ளைக்கு இனி அவன் எதைக் கிள்ளிப் போடுவான்?"

"என்னை அடிச்சு என்ன பண்றது? எனக்குக் கத்தி செய்யத் தெரியுமா?" சுவாமிநாதன் மூச்சுத் திணறிக்கொண்டே கையை நீட்டினார். "நான் யாவாரிங்க. பிளான் போட்டது, செஞ்சது எல்லாம் அதோ நிக்கறானே, அவன்தான்!"

தங்கமுத்து திரும்பினான்.

"அண்ணா, நான் பூட்டு வெச்சேனுங்க" என்றான் லாசர். "மடங்காம இருக்கப் பூட்டு. மொதலாளிதான் எடுக்கச் சொன்னாரு."

"பூட்டா?" தங்கமுத்து சுவாமிநாதனைப் பார்த்தான்.

"என்ன பூட்டு? கத்திக்கு எதுக்குங்க பூட்டு?" என்றார் அவர்.

தங்கமுத்து நாற்பது வருஷத்தில் கத்திக்குப் பூட்டு என்று ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "பொட்டிக்குப் பூட்டு, ஊட்டுக்குப் பூட்டு. கத்திக்குப் பூட்டாமா? யாருக்குடா காது குத்தறே?"

"சத்தியமுங்க. எங்க ஊட்ல ஒண்ணு இருக்குதுங்க. ஓடிப்போயி எடுத்துட்டு வாரேன்."

ஓடிப்போய் என்ற சொல்தான் அவனைக் கெடுத்தது. தங்கமுத்துவின் முஷ்டி வாயில் விழுந்தது. லாசர் கையிலிருந்த அரத்தை வீசினான். அது தங்கமுத்துவின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அதன்பிறகு தங்கமுத்துவுக்குக் கோபத்தில் கண் தெரியவில்லை. லாசரின் தலைமயிரைப் பிடித்து நெற்றியை வைஸில் இரண்டு தரம் மோதினான். கால் தளர்ந்தவனை அடைகல்லுக்கு இழுத்து, முன்கையை அதன்மேல் போட்டு, முழங்காலால் அழுத்தினான். முஷ்டி கல்லுக்கு வெளியே தொங்கியது.

அறைக்குள் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சுவாமிநாதன் உள்ளே போய்விட்டார்.

தங்கமுத்து காத்தானின் கத்தியை விரித்து லாசரின் கையில் திணித்தான். கத்திக் கட்டுகளுக்கு வைத்திருந்த சணலை எடுத்து விரல்களைப் பிடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினான். என்ன நடக்கப்போகிறது என்று லாசருக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். "வேண்டாமுங்க, சாமி, வேண்டாம். அந்தோணியாரே!" என்று கத்தினான்.

"சுத்தியை எடு" என்றான் தங்கமுத்து.

காத்தான் இடது கையால் எடுத்தான். பழக்கமில்லாத கை. முதல் அடி தவறி லாசரின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. இரண்டாவது அடி கத்தி முதுகில் வழுக்கிக் கல்லில் பட்டுப் பொறி பறந்தது. மூன்றாவது அடி சரியாக விழுந்தது.

லாசரின் அலறலில் தெருவில் போன மாடு மிரண்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடியது.

சணலில் ரத்தம் ஊறிச் சொட்டுவதைப் பார்த்ததும் காத்தானின் கையிலிருந்து சுத்தி நழுவியது. தன் விரல் போனபோது அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இப்போது பார்த்துவிட்டான். தன் துண்டை எடுத்து லாசரின் கையில் சுற்றப் போனான். ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. தங்கமுத்து அவனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினான்.

பஸ் ஏறுமுன்னே இருவரையும் பிடித்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. கோர்ட்டில் சுவாமிநாதன் சாட்சி சொன்னார். அடித்தவர்களை நன்றாக அடையாளம் காட்டினார். பூட்டைப் பற்றிக் கேட்டபோது, தனக்கு அதெல்லாம் தெரியாது என்றார்.

லாசரின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. கட்டு அவிழ்த்த வாரம், கோயில் தெருவில் இருந்த அவன் வீட்டுக்குச் சுவாமிநாதன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மரியபுஷ்பம் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரனெல்லாம் கத்தியைத் திருப்பி அனுப்பறான் லாசரு" என்றார். "பேரு கெட்டுப்போச்சு. அந்த மொதக் கத்தி எங்க வெச்சிருக்கே?"

மரியபுஷ்பம் நறுக்குவதை நிறுத்தினாள். குழந்தையைப் பாயில் கிடத்தினாள். கையிலிருந்த கத்தியைத் திருப்பி, அம்மியின் விளிம்பில் மூன்று தரம் ஓங்கித் தட்டினாள்.

"மடங்கலீங்க. பாத்தீங்களா? கத்திக்கு எதுக்குப் பூட்டுன்னு அன்னைக்குக் கேட்டீங்களாமே, இதுக்குத்தானுங்க."

"அதேதாம்மா. அதேதான் வேணும்" என்றார் சுவாமிநாதன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாதிரிக்கு ஒண்ணு கையில இருந்தா மத்தவங்க பாத்து ராவிருவாங்க. லாசரு, நீயும் வா. அரம் புடிக்க வேண்டாம். என்கூடச் சந்தையில நின்னாப் போதும்."

மரியபுஷ்பம் கத்தியைக் கொடுக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். லாசர் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தான். பிறகு தலையை அசைத்தான். அவள் கத்தியைத் தரையில் வைத்துத் தள்ளினாள். சுவாமிநாதன் குனிந்து எடுத்துக்கொண்டார்.

நாமகிரிப்பேட்டைச் சந்தையில் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே சுவாமிநாதன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் லாசர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். சட்டை அவர் வாங்கிக் கொடுத்தது. கூட்டம் சேர்ந்ததும் அவர் ஒரு கத்தியை விரித்து, அதன் முதுகைப் புளியமரக் கட்டையில் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"பாருங்க சாமி, மடங்குதா? மடங்காது! வெல்லம் தட்டுங்க, தேங்காய் தட்டுங்க, என்ன வேணா தட்டுங்க. பூட்டு வெச்ச கத்தி! பூட்டு இல்லாத கத்தியில என்ன ஆகும்? இதோ, இந்த ஆளைப் பாருங்க!"

லாசர் கையைத் தூக்கினான். முதல் சந்தையில் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இப்போது மூன்றாவது தட்டு முடிந்ததும் அது தானாக எழும்பியது. முன்வரிசையில் இருந்த பொம்பளைகள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மஞ்சள் வியாபாரி ஒருவர் கத்தியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "திறக்குது. மடக்கறது எப்படிங்க?" என்று லாசரிடமே நீட்டினார்.

லாசர் இடது கையால் அலகைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பிடியின் முதுகை அழுத்தினான். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்ததுபோல் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் எதிர்ப்பக்கம் பிடியைத் தாங்க விரல் இல்லை. இன்னொரு முறை அழுத்தினான். கத்தி நழுவி மண்ணில் விழுந்தது.

வியாபாரியே குனிந்து எடுத்தார். துடைத்தார், தடவிப் பார்த்தார், அழுத்தினார். பல் எழும்பியது. கத்தி மடங்கியது.

"நல்ல பூட்டுங்க. யாரு யோசனை?"

"எல்லாம் நம்ம பட்டறை யோசனைதானுங்க" என்றார் சுவாமிநாதன். வியாபாரி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தார். பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். சுவாமிநாதன் அடுத்த கத்தியை விரித்தபடியே திரும்பிச் சொன்னார்:

"கையை எறக்காத லாசரு. பின்னால நிக்கறவங்களுக்குத் தெரியல."